எட்டாத உயரத்தில் ஒரு காலண்டர்

"என் பையன் சாப்பாட்டுல நான் விஷம் வெக்கிறேனாம். நாளைக்குக் காலையில என்னை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவானாம்."

வந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக முப்பது வருஷம் தீ விபத்துகளைத் துருவித் துருவி விசாரித்து ஓய்வு பெற்றவள் அவள். உண்மையில் கொழுந்தன் ஒருவனுக்குத்தான் அண்ணி. அவன் போகிற இடமெல்லாம் அண்ணி புராணம் பாடியதில் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள்.

"போன மாசம் பதிமூணாம் தேதி பொண்ணு வீட்டுலேர்ந்து இங்க வந்தேன். மறுநாளே பையனுக்குத் தலைவலி, வாந்தி. மருமக ஆறு மாச கர்ப்பம். வீட்டுலயே கம்ப்யூட்டர் வேலை. நேத்து நாற்காலியிலேர்ந்து மயங்கி விழுந்துட்டா. எனக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. அதுதான் என் குத்தம்."

கொழுந்தன் அண்ணியின் காதில், "அம்மா மேல எனக்கும் லேசா சந்தேகம்தான்" என்றான். அவனுக்கு யார் மேல்தான் சந்தேகம் வராது!

"மருமக உங்க கையால சாப்பிடறாளா?" என்றாள் அண்ணி.

"அஞ்சு நாளா தொடறதில்ல. எல்லாம் கடைச் சாப்பாடுதான்."

"அப்படியும் நேத்து மயக்கம். பையன்?"

"நேத்து வரைக்கும் நான் கட்டிக் கொடுத்த டப்பாதான். ஆபீஸ் போயிட்டா தலைவலி விட்டுடுமாம். வீட்டுக்கு வந்தா மறுபடி ஆரம்பிச்சிடும்."

அண்ணி சட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் இவ்வளவு அவசரப்பட்டுக் கொழுந்தன் பார்த்ததே இல்லை.

அது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. குளிருக்குப் பயந்து கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். சுவரில் பொருத்திய கேஸ் ஹீட்டர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சோபாவில் மருமகள் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொழுந்தன் நேராக அடுக்களைக்குள் ஓடி உப்பையும் சர்க்கரையையும் மோந்து பார்க்க ஆரம்பித்தான்.

அண்ணி கூடத்தை ஒரே ஒரு சுற்றுப் பார்த்தாள். கூரைக்குச் சற்றுக் கீழே, நெட்டையானவனுக்கும் எட்டாத உயரத்தில், நாள் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் போன மாதம் பன்னிரண்டாம் தேதி கிழிபடாமல் இருந்தது.

அடுத்த நொடி ஹீட்டரை அணைத்தாள். "விஷ கேஸ்! எல்லாரும் வெளிய வாங்க! பொண்ணைத் தூக்குங்க. கொழுந்தனாரே, மோந்தது போதும். ஜன்னலையெல்லாம் திறந்து விட்டுட்டு ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போடுங்க."

முற்றத்தில் எல்லோரும் குளிரில் நின்றார்கள். சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"கேஸா? கேஸ் வாசனையே வரலையே!" என்றான் மகன்.

"கேஸ் கசிஞ்சா மூக்கு சொல்லிடும். காத்து போதாம அது அரைகுறையா எரிஞ்சா வர்ற விஷத்துக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உங்கம்மா கட்டின டப்பாவைச் சாப்பிட்டுட்டு ஆபீஸ்ல நல்லா இருக்கீங்க. அவங்க சமையலைத் தொடாத உங்க மனைவி நாள் முழுக்கக் கூடத்துல உக்காந்து மயங்கி விழறாங்க. அப்போ விஷம் சாப்பாட்டுலயா இருக்கு, கூடத்துலயா? அம்மா, உங்க ரூம் எப்படி?"

"என் மருந்து வாடை புடிக்கலேன்னு மருமக சொன்னா. கதவைச் சாத்திட்டு ஜன்னலைத் திறந்து வெச்சுப்பேன்."

மாமியார் மருமகள் சண்டை ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஹீட்டர்ல ஒரு குறையும் கிடையாது" என்று குறுக்கிட்டார் வீட்டுக்காரர். "போன மாசக் கடைசியிலதான் ஆள் வந்து மூடியைக் கழட்டி, உள்ள சுத்தம் பண்ணிட்டுப் போனாரு. பேப்பரே இருக்கு."

"சுவத்துக்கு எப்போ பெயிண்ட் அடிச்சீங்க?"

"இவங்க குடி வர்றதுக்கு முன்னாடி. ரெண்டு வருஷம் ஆச்சு."

"மூடியில நாலு திருகாணி. நாலு மேலயும் சுவத்துலேர்ந்து இழுத்து அடிச்ச அந்தப் பெயிண்ட் கீறல் விழாம இருக்கு. திருகாணியைத் தொடாமலே கழட்டறதுக்கு உங்க ஆள் என்ன மந்திரவாதியா?"

வீட்டுக்காரரின் குரல் இறங்கியது. "அவருக்கு நேரமில்ல... வாசல்லயே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு."

"ரெண்டு வருஷ அழுக்கு உள்ள கிடக்கு. உள்ள வந்திருந்தா மஞ்சள் தீயைப் பார்த்திருப்பாரு. இன்னொண்ணையும் பார்த்திருப்பாரு. கொழுந்தனாரே, நாற்காலி போட்டு அந்தக் காலண்டரைக் கழட்டுங்க."

ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். காலண்டருக்குப் பின்னால் காற்றுப் போகச் சுவரில் விட்ட துவாரம். அதைப் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போட்டு இறுக்கமாக அடைத்திருந்தார்கள்.

"எட்டாத காலண்டரைத் தேதி பார்க்க யாரும் மாட்ட மாட்டாங்க. மறைக்கத்தான் மாட்டுவாங்க" என்றாள் அண்ணி. "மாட்டின அன்னிக்கே தேதி நின்னுபோச்சு. பன்னெண்டு. அம்மா வந்தது பதிமூணு. அதான் பழி அவங்க மேல விழுந்துது. அடைச்சது யாரு?"

மகன் அம்மாவைப் பார்த்தான். "நான்தான். அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. அந்த ஓட்டை வழியா குளிர்காத்து வருது, சரி பண்ணிக் குடுங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட மூணு தடவை சொன்னேன். நீங்களே அடைச்சுக்குங்கன்னாரு. அம்மா வர்றதுக்குள்ள டேப் போட்டு ஒட்டி, அசிங்கமா தெரியக்கூடாதுன்னு காலண்டரை மாட்டினேன்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். யாரை வெறுப்பது என்று கொழுந்தனுக்குத் தெரியவில்லை. அது அவனுக்குப் புது அனுபவம்.

ஆஸ்பத்திரி வண்டி வந்தது. "குழந்தை அசையுதாம்மா?" என்று அண்ணி குனிந்து கேட்டாள்.

"காலையில அசைஞ்சுது" என்றாள் மருமகள். பிறகு மாமியாரைப் பார்த்து, "அத்தை, நீங்களும் வாங்க" என்றாள்.

அம்மாள் உள்ளே போய், முதியோர் இல்லத்துக்கென்று கட்டி வைத்திருந்த பையை எடுத்து வந்தாள். அதிலிருந்த கம்பளியை உருவி மருமகளுக்குப் போர்த்தினாள். பையை வாங்கிக்கொள்ள மகன் கை நீட்டினான்.

"இருக்கட்டும், நானே தூக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.