சுறாவின் ஈறில் ரத்தம்!

"எந்தம்பிக்கு விஷம் வச்சுட்டா! இவளைப் பிடிங்க சார்!"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அலறினாள் அக்கா.

அவள் விரல் நீண்ட திசையில்... தம்பியின் மனைவி.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். அழக்கூடத் தெம்பில்லாமல் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால், குழாய்களுக்கு நடுவே கிடந்தான் சுறா.

நீச்சல் பயிற்சியாளன். குளத்தில் அவன் பாய்ச்சலைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அது. ஆறடி ஆள்.

இப்போது... பாதியாய் இளைத்திருந்தான்!

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் ஏட்டு.

"நீ சொல்லும்மா. என்ன நடந்துச்சு?"

"ரெண்டு மாசமா விட்டு விட்டுக் காய்ச்சல் சார்" என்றாள் மனைவி. "பல் தேய்ச்சா ரத்தம். பல் டாக்டர்கிட்ட வாங்கன்னு கெஞ்சினேன். வரமாட்டேன்னுட்டாரு. எவ்வளவு ஆழமான தண்ணியிலயும் குதிப்பாரு சார்... அந்த நாற்காலிக்குப் பயந்தாரு!"

"நடிக்கிறா!" அக்கா சீறினாள். "ஸ்கூல் லேப்ல இருக்கற ஆசிட்டும் கண்றாவியும் இவ கையிலதான். தாயில்லாத புள்ளையைத் தூக்கி வளத்தவ சார் நான்... இப்படி உருக்கிட்டாளே!"

"அண்ணி..."

"பேசாத!"

கதவு திறந்தது. வெள்ளை கோட்டில் கிருமி ஆய்வு டாக்டரம்மா.

"விஷம் இல்ல இன்ஸ்பெக்டர். ஆனா, ஆளைப் பிடிச்சாச்சு."

"யாரு?"

"ஈறு நோய்க் கிருமி. இப்ப இவரோட இதயத்துல உட்கார்ந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் விழித்தார். டாக்டரம்மா கையிலிருந்த படத்தை நீட்டினாள்.

"இதைப் பாருங்க. உடம்பு பூரா மெல்லிசா முடி. அதால ஈறோட செல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

"பிடிச்சுட்டு?"

"செல் ஏமாந்துடும். தானே வளைஞ்சு, அணைச்சு, உள்ள இழுத்துக்கும்."

"அடப்பாவி! வீட்டுக்காரனே திருடனுக்குக் கதவைத் திறந்து விடறானா?"

"அதேதான். உள்ள போய் சத்தமில்லாமப் பெருகும். காவலுக்குச் சுத்தற வெள்ளையணுக்கள் தெருத்தெருவாத் தேடும்... இது வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அப்புறம் அடுத்த செல்லு!"

"இதயத்துக்கு எப்படிப் போச்சு?"

"ஈறு கிழிஞ்சா ரத்தத்துல ஏறிடும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, ரொம்ப அபூர்வம். இவருக்குப் பிறவியிலேயே இதய வால்வுல சின்னக் கோளாறு. அதுல போய் ஒட்டி... வால்வையே அரிச்சுடுச்சு."

"ஆபரேஷன் பண்ணுங்க டாக்டர்!" மனைவி கை கூப்பினாள்.

"உடம்பு தாங்காதும்மா. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் புரியல. இத்தனை நாள் காய்ச்சல் எப்படி அடங்கிக் கிடந்தது? போன மாசம் எடுத்த ரத்த டெஸ்ட்லகூட கிருமி தெரியலையே..."

"காய்ச்சலை நான் பாத்துக்கிட்டேன்!" அக்காவின் குரலில் பெருமை. "சொந்த மருந்துக் கடை வச்சிருக்கேன்ல? ஏறினா ஆன்டிபயாட்டிக் குடுப்பேன். ரெண்டு நாள்ல இறங்கிடும். உடனே நிறுத்திடுவேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

"ஏன்... ஏன் டாக்டர் அப்படிப் பாக்கறீங்க?"

மனைவி சட்டென்று டாக்டரம்மாவின் கையைப் பற்றினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஆனால் அக்கா மருந்துக் கடைக்காரி!

"பாதியில நிறுத்தினா... அது சாகாது. பதுங்கிக்கும்..." அக்கா தனக்குத்தானே முணுமுணுத்தாள். "கடைக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்லுவேனே... பாதியில நிறுத்தாதீங்கன்னு!"

உள்ளே இதயத் துடிப்புக் கருவி நீளமாய் அலறியது.

நர்ஸுகள் ஓடினார்கள். டாக்டர்கள் ஓடினார்கள். சுறாவின் நெஞ்சை அழுத்தினார்கள், அழுத்தினார்கள்...

பிறகு நிறுத்திவிட்டார்கள்.

அக்கா தரையில் சரிந்தாள்.

யார்மேல் பழி போட்டாளோ, அவள்தான் ஓடிவந்து தாங்கினாள்.

"நீங்க வேணும்னா பண்ணீங்க அண்ணி? எந்திரிங்க..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டாமலே படியிறங்கினார். இருபது வருட சர்வீஸில் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதில்லை.

ஏட்டு பின்னாலேயே வந்தார்.

"யாருன்னு தெரிஞ்சும் கைது பண்ண முடியலையே சார்!"

"கைது பண்ணணும்னா, முதல்ல அதுக்குக் கை இருக்கணுமேய்யா!"