போய்ட்டு வா, யானையே

பள்ளிக்கூடத்து ராக்கெட் இதுவரை இரண்டு முறை கிளம்பியிருந்தது. முதல் முறை மரத்துக்குப் போனது. இரண்டாம் முறை தலைமை ஆசிரியர் அறைக்குப் போனது. வானத்துக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

"இந்தத் தடவை உள்ள ஒரு பொருளை வச்சு அனுப்புவோம். என்ன பொருள்னு இஞ்சினியர் முடிவு பண்ணட்டும்," என்றார் அறிவியல் டீச்சர்.

இஞ்சினியர் என்பது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் பட்டப்பெயர். பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் 'போனா போகட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். உடைந்தால் யாரும் அழாத பொருளாக வீட்டில் தேடினான்.

தங்கை வாண்டு செய்த களிமண் யானை கண்ணில் பட்டது. உருளைக்கிழங்குக்குக் காது முளைத்ததுபோல இருக்கும்.

"இதை ராக்கெட்டுக்கு எடுத்துக்கவா?"

"நிஜமாவா அண்ணா!"

மறுநாள் மைதானத்துக்கு வாண்டு தன் மூன்றாம் வகுப்பையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எவ்வளவோ சாமான் இருக்கு. எங்கண்ணா என் யானையைத்தான் எடுத்தான். ஏன்னா அதுதான் ஒசத்தி!"

இஞ்சினியரின் காது இரண்டும் சுட்டன. பெட்டியில் இருந்த எழுத்தைக் கையால் மறைத்தான். கை சின்னது, எழுத்து பெரிது.

வாண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்புறம் யானையின் காதைத் தடவிக்கொடுத்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"உடைஞ்சா உடையட்டும்னுதான் எடுத்தேன்," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "தப்புதான். திருப்பிக் கொடுத்துடறேன்."

வாண்டு யானையை உற்றுப் பார்த்தாள். "அது போகணும்னு ஆசைப்படுது. ஆனா திரும்பி வரணும்."

இஞ்சினியர் பெட்டியின் எழுத்தை அடித்தான். 'போய்ட்டு வா' என்று புதிதாக எழுதினான். காலுறை இரண்டையும் கழற்றி யானைக்குச் சுற்றினான்.

"மூச்சு முட்டப்போகுதுடா!" என்றான் வகுப்புத் தோழன் ஒருவன்.

பிறகு இஞ்சினியர், தன் பிறந்தநாளுக்கு மாமா கொடுத்த கைக்கடிகாரத்தை அவிழ்த்தான். வாண்டுவைத் தொடவே விடாத கடிகாரம். அதையும் யானையின் பக்கத்தில் வைத்தான். அதற்குச் சுற்றக் காலுறை மிச்சமில்லை.

ராக்கெட் சீறிக் கிளம்பியது. மரத்தைத் தாண்டியது. தலைமை ஆசிரியர் ஜன்னலைச் சாத்தினார். மெல்ல இறங்குவதற்காக அதில் கட்டியிருந்த நெகிழிப்பைக் குடை பாதிதான் விரிந்தது. ராக்கெட் மைதானத்தின் மூலையில் தொப்பென்று விழுந்தது.

யானைக்குக் கீறல்கூட இல்லை. கடிகாரத்தின் கண்ணாடிதான் விரிசல் விட்டிருந்தது. முள் ஓடவில்லை.

இஞ்சினியர் கடிகாரத்தைக் கையில் எடுத்தான். வாண்டு கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். அவன் தடுக்கவில்லை.

"பாவம்ணா, பயத்துல நின்னுடுச்சு," என்றாள். "பரவாயில்ல, முதல் தடவைதானே. அடுத்த தடவை யானையோட தும்பிக்கையைப் பிடிச்சுக்கச் சொல்லு."