லதாவின் ரொட்டிக்கு எத்தனை நட்சத்திரம்?

ஐந்தாம் வகுப்பில் அந்த வாரம் மேகனாவின் ராஜ்ஜியம். யாருடைய டிபன் பாக்ஸுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து, சுவர் அட்டையில் ஒட்டுவது அவள் வேலை. ஐடா மிஸ் விதியையும் சொல்லியிருந்தார். தவிடு நீக்காத முழுத் தானியம் என்றால் மூன்று நட்சத்திரம். தவிட்டை எடுத்துவிட்ட மாவு என்றால் ஒன்று.

தவிடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மிஸ் சொல்லவில்லை, மேகனாவும் கேட்கவில்லை. கோலார் தங்கவயலில் ராகிக் களி தின்று வளர்ந்த பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு கேள்வியா? கறுப்பாக இருந்தால் சத்து, வெளுப்பாக இருந்தால் சும்மா. அவ்வளவுதான்.

ஆகவே ராகேஷின் களிக்கு மூன்று. ஹரிஷ்குமார் பஜாரில் வாங்கி வந்த பழுப்பு பிரெட்டுக்கும் மூன்று. லதாவின் வெள்ளை ரொட்டிக்கு ஒன்று.

"இது சோள ரொட்டி," என்றாள் லதா.

"வெள்ளையா இருக்கே," என்று மேகனா ஒட்டிவிட்டாள்.

ஹரிஷ்குமாருக்கு வாய் சும்மா இருக்குமா? "ஒத்த ஸ்டார் லதா" என்று பெயர் வைத்தான். வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் மதியம் லதா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் திறக்கவில்லை.

"இன்னாடி, சாப்பிடலையா?" என்று கேட்டாள் மேகனா.

"பசிக்கல."

"தினமுமா பசிக்காது?"

லதா பாக்ஸைப் பைக்குள் தள்ளினாள். "எங்கம்மா இருட்டுல எழுந்து ரொட்டி தட்டிட்டு, மாரிகுப்பத்துல ரயில் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போவுது. அதுக்கு ஒத்த ஸ்டார்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

மேகனாவுக்குச் சங்கடமாகிவிட்டது. ஒட்டியது அவள் கைதானே.

அன்று மாலை வீட்டில், சப்பாத்தி மாவு பிசைந்த தட்டைக் கழுவும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒட்டியிருந்த மாவு பாலாகக் கரைந்து ஓடியது. கடைசியில் விரலில் சொரசொரவென்று சின்னச் சின்னச் செதில்கள் மிஞ்சின.

"அம்மா, இது இன்னா?"

"தவிடு. கோதுமைய முழுசா அரைச்சா இருக்கத்தானே செய்யும்," என்றார் அம்மா.

மேகனா இன்னொரு தரம் அலசிப் பார்த்தாள்; மாவு போனது, செதில் போகவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு நீலக் கைக்குட்டைகளோடு வந்தாள். ஒன்றில் ஹரிஷ்குமாரின் பிரெட் துண்டை வைத்தாள், மற்றதில் லதாவிடம் கேட்டு வாங்கிய ரொட்டித் துண்டை. இரண்டையும் ஊறவைத்து, முடிந்து, குழாயடியில் கசக்கிக் கசக்கி அலசினாள். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது.

"என் பிரெட்ட ஏன் குளிப்பாட்டறே?" என்றான் ஹரிஷ்குமார்.

"இரு, சொல்றேன்."

முதல் கைக்குட்டையைப் பிரித்தாள். பசை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. நிறமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. இரண்டாவதில் நீலத் துணி மேல் வெளிர்ச் செதில்கள் பொடிப்பொடியாகத் தெரிந்தன. தொட்டால் சொரசொரத்தது.

"பிரெட்டுல தவிடே இல்ல, வெறும் சாயம். சோளத்துத் தவிடு வெளுப்புதான்," என்றாள் மேகனா. "நான் நிறத்தப் பாத்து ஒட்டிட்டேன். தப்பு என்னோடது."

அட்டையில் ஹரிஷ்குமாரின் பெயருக்கு எதிரே இருந்த மூன்று நட்சத்திரங்களில் இரண்டைப் பிய்த்து, லதாவின் பெயருக்கு எதிரே ஒட்டினாள். ஐடா மிஸ் எட்டிப் பார்த்தார். தம் கையிலிருந்த பிஸ்கட்டை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஹரிஷ்குமாரின் முகம் தொங்கிப்போனது. "அப்ப இனிமே நான்தான் ஒத்த ஸ்டாரா?"

"ஆமா," என்றாள் லதா. "ஆனா யாரும் அப்படிக் கூப்பிட மாட்டோம்."

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு ரொட்டியைப் பிய்த்து அவனிடம் பாதியை நீட்டினாள். அவன் காரச் சட்னியில் தோய்த்துத் தின்றுவிட்டு மறுபடி கை நீட்டினான்.

மறுநாள் லதாவின் பாக்ஸ் மூடமுடியாமல் பிதுங்கிக்கொண்டு வந்தது.

"அம்மாகிட்ட இன்னாடி சொன்னே?" என்று கேட்டாள் மேகனா.

"ரெண்டு ரொட்டி சேத்துத் தட்டச் சொன்னேன்."