முப்பதாவது பெயர்

பெரகலச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஒன்பது மணி. வெள்ளைப்பாறைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறி, பள்ளிக்கூடத்தைப் பார்த்து, படத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மண்டைக்குள் வேறு ஒன்றுமில்லை.

அது 1959 ஐப்பசி. நான் பதுளைக் கல்வி அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், ஒரு கிளார்க். பெயர் கனகரத்தினம், ஊர் யாழ்ப்பாணம். ஊவா மாகாணத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் குறிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அரசாங்கப் பள்ளிக்குச் சிவப்பு மை, மிஷன் பள்ளிக்கு நீலம், தோட்டப் பள்ளிக்குப் பச்சை. மேசையிலிருந்து உத்தரவு போடுகிறவருக்கு என்ன, மொனராகலைக் காடுவரை நடந்து அட்டைக் கடி வாங்கியது நான். ஒரு விதி இருந்தது. வரவு இடாப்பில் முப்பது பிள்ளைகளின் பெயர் இருந்தால்தான் புள்ளி. இருபத்தொன்பது என்றால் அந்தப் பள்ளிக்கூடம் படத்தில் இல்லை. படத்தில் இல்லாவிட்டால் வாத்தியாரும் இல்லை.

மலைக்கு ஏற ஏறப் பனிமூட்டம் கனத்தது. பதினொரு மணிக்கே விளக்கு வைக்கும் நேரம் போல இருந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் ஒருவரையும் காணவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தோண்டிப் போட்ட புதுமண்ணின் வாடை மட்டும் வழி நெடுக வந்தது.

பள்ளிக்கூடம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. வாத்தியார் வாசலில் நின்றார். மெலிந்த ஆள், சுமார் நாற்பது வயது. கோட்டு நனைந்திருந்தது.

"வாங்கய்யா, வாங்க. தங்கராஜா மாஸ்டருங்க. இன்னைக்காவது யாராச்சும் வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கோம்."

உள்ளே பிள்ளைகள் சிலேட்டின்மேல் குனிந்திருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. அந்தக் குளிருக்கு ஒரு பிள்ளையாவது இருமவேண்டாமா? இல்லை. எல்லாத் தலையும் ஈரம்.

வெளியே மழை பிடித்தது. யன்னலில் தாரை தாரையாக ஊற்றியது.

தகரத்தில் சத்தமே இல்லை.

அப்போதே இறங்கி ஓடியிருக்கவேண்டும், விசரன் நான். இரண்டு மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு இடாப்பைக் கேட்டேன். இருபத்தொன்பது பெயர்.

"ஒண்டு குறையுதே மாஸ்டர்."

"தெரியுமுங்க." அவர் இடாப்பை என் பக்கம் தள்ளினார். "பள்ளிக்கூடத்த மூடிராதீங்கய்யா. இந்தப் புள்ளைங்க வேற எங்கங்க போகும்?"

எனக்கு மனம் இளகிவிட்டது. சோதிக்க ஆள் வருகிற நாளில் தவழ்கிற குழந்தையின் பெயரையும் இடாப்பில் ஏற்றுவது தோட்டப் பள்ளிகளில் வழக்கம்தான். கண்டும் காணாமல் விடுவது எங்கள் வழக்கம். "ஏதாவது ஒரு பேரைப் போடுமன்" என்றேன்.

"நீங்களே போட்டுருங்கய்யா. உங்க கையால எழுதினா யாரும் கேக்கமாட்டாங்க."

பேனையை வாங்கினேன். காலையில் காலைக் கட்டிக்கொண்டு "போகாதேங்கோ அப்பா" என்று அழுத என் மகள்தான் மனதில் நின்றாள். ஜெயமலர் என்று எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடம் படிவம் நிரப்பிய கை இது. வெறும் கட்டம் விட்டால் கோப்பு திரும்பி வரும் என்று பழகிய கை. வயது, ஏழு. தகப்பன் பெயர், கனகரத்தினம். விலாசம் என்ற கட்டத்தில் என் பதுளை வீட்டு இலக்கத்தையும் தெருவையும் எழுதி முடித்தேன்.

மாஸ்டர் அதை வாசித்துப் பார்த்துச் சிரித்தார்.

"வராத புள்ளைய நாங்க சும்மா விடமாட்டோங்க. பெரிய புள்ளைங்க ரெண்டு பேர அனுப்பி கையோட கூட்டியாந்துருவோம்."

தோட்டத்து வாத்தியார்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். நானும் சிரித்துவிட்டுப் பச்சைப் புள்ளியை வைத்தேன்.

இறங்கும்போது கீழ் டிவிசன் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன். அங்கே டீச்சர் சந்திரகாந்தி. ஸ்பிரிங்வெளித் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, இருபத்திரண்டு வயதில் வாத்தியார் வேலைக்கு வந்த பெண். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். படத்தை விரித்துக் காட்டினேன்.

"மேலயா? மேல ஸ்கூல் ஏதுங்கய்யா?" என்றாள். "ஆறு வருசத்துக்கு முந்தி மண்ணு சரிஞ்சு லயம், ஸ்கூல் எல்லாம் போயிருச்சு. பாடம் நடந்துக்கிட்டு இருக்கையில. தங்கராஜா மாஸ்டரையும் புள்ளைங்களையும் தோண்டி எடுக்கவே முடியல."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எத்தினை பிள்ளையள்?"

"இருபத்தொம்பதுங்க."

அடுத்த நாள் காலை எட்டேகால். பதுளை வீட்டில் மலர் இடியப்பம் தின்றுகொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"வந்திருக்கேன் சார்."

என் பிள்ளை அப்படிப் பேசாது. "வந்திருக்கிறன்" என்றுதான் சொல்லும். என் மனைவி கமலாம்பிகை சிரித்தாள், பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளிடம் பழகியிருக்கிறாள் என்று. நான் அவளைப் பிடித்து இருத்தினேன்.

மூன்றாம் நாள் நான் கந்தோரால் வந்ததும் கமலாம்பிகை சொன்னாள், "ரெண்டு பெட்டையள் படலையடியிலை வந்து நிண்டவை. மலர் நிக்கிறாளோ எண்டு கேட்டவை. தலை எல்லாம் ஒரே ஈரம். துவாய் எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ளை போட்டினம்."

"உள்ளுக்கு விட்டனியோ?"

"ஏனப்பா கத்துறியள்?"

அடுத்த நாள் பிள்ளையைக் காணவில்லை. தெருத்தெருவாக ஓடினேன். பதுளை பஸ் நிலையத்தில், பெரகல பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் உயர்த்தி வைத்திருந்தாள், இரண்டு பக்கமும் யாரோ பிடித்திருப்பதுபோல. தூக்கினேன். அட கடவுளே, அந்தக் கனம்! மூன்று பிள்ளைகளின் கனம்.

"விடுங்கப்பா. பேர் கூப்பிடுறாங்க. நான் மட்டுந்தான் இன்னும் போகல."

பாதமெல்லாம் செம்மண். பதுளை பஸ் நிலையத்தில் எங்கே செம்மண்?

அவளைத் தாயிடம் கட்டிலோடு பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, கார் பிடித்து மேல் டிவிசனுக்குப் போனேன். அந்தப் பெயரை இடாப்பில் அடிக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொட்டகை இல்லை, இடாப்பும் இல்லை. சரிந்த மலையும் இடுப்பளவு மானாப்புல்லும்தான். "மாஸ்டர், அது என்ரை பிள்ளை! விட்டுவிடும்!" என்று கத்தினேன். புல்லுக்குள்ளே எங்கேயோ பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள்.

இருட்டுமுன் கந்தோருக்குத் திரும்பினேன். இடாப்பு கைக்கு வராவிட்டால் என்ன, பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவேன். படத்தில் பச்சைப் புள்ளியைக் குறுக்கே அடித்தேன். மூடல் படிவத்தை எடுத்து நிரப்பினேன். கடைசிக் கட்டம், "மாணவர் மாற்றப்படும் அயற்பாடசாலை".

வெறுமையாக விட்டால் படிவம் செல்லாது. என் கை எழுதியது: கீழ் டிவிசன்.

கையெழுத்தும் முத்திரையும் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மலர் தாயின் மடியில் இருந்தாள். "அப்பா, பசிக்குது. ஏன் அம்மா அழுகிறா?" என்றாள். தன் பேச்சில் பேசினாள். நான் அந்த நிலத்திலேயே இருந்து வாய்விட்டு அழுதேன். கீழ் டிவிசனைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் சந்திரகாந்தியின் கடிதம் வந்தது.

"ஐயா அவர்களுக்கு, நீங்கள் மாற்றி அனுப்பிய பிள்ளைகள் திங்கட்கிழமை வந்துவிட்டார்கள். என் கண்ணுக்குத் தெரியவில்லை. என் பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து உட்காரும் வாங்கில் இடம் கொடுக்கிறார்கள். மேசையில் ஈரமாக ஒரு இடாப்பு இருந்தது. பெயர் வாசித்தால் இருபத்தொன்பதுக்கும் பதில் வருகிறது. முப்பதாவது பெயருக்கு வரவில்லை. அந்தப் பிள்ளையைக் கூட்டி வர இரண்டு பேர் எழும்புகிறார்கள் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். விலாசத்தைப் பார்த்தேன், உங்கள் பிள்ளை என்று விளங்கியது. அந்தப் பெயரை வெறுமனே அடித்தால் என் பிள்ளைகளில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். ஆகவே அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். முப்பது நிறைந்தால் அவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இங்கே முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேறு ஆசிரியரை அனுப்பிவையுங்கள்."

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் குந்தியிருந்தார்கள்.

"டீச்சர் எங்கை?"

மூக்குச்சளியோடு ஒரு சிறுமி மலையைக் காட்டினாள். "மேல் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. ரெண்டு அக்கா வந்து கையப் புடிச்சு கூட்டிட்டுப் போச்சு."

"டீச்சர் அழுதவவோ?"

"இல்லீங்க. எங்களப் பாத்து பாடத்தப் படிங்கன்னு சொன்னாங்க."

தோட்டத்து ஆட்கள் நான்கு நாள் தேடினார்கள். புல்வெளிவரை அவளுடைய செருப்புத் தடம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. புது ஆசிரியரை அந்த வாரமே நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். அவள் கேட்டதில் அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

மலருக்கு இப்போது பத்து வயது. நன்றாகப் படிக்கிறாள்.

மாத முதல் வாரத்தில் எல்லாப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வரவு அறிக்கை கந்தோருக்கு வரும். அந்தக் கட்டுக்குள் முத்திரை ஒட்டாத உறை ஒன்று இருக்கும். தொட்டால் சில்லென்று ஈரம். வெள்ளைப்பாறை மேல் டிவிசன், இடாப்பில் முப்பது, வரவு முப்பது. போன மாதத்திலிருந்து எழுத்து மாறியிருக்கிறது. அது சந்திரகாந்தியின் எழுத்து. அடியில் ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது: "அடுத்த வருடம் இன்னொரு வகுப்பும் தொடங்குகிறோம். பிள்ளைகள் தேவை."

அதற்குக் கீழே விலாசக் கட்டத்தில், எங்கள் கந்தோரில் வேலை செய்கிற ஒன்பது பேருடைய வீட்டு விலாசங்களும் எழுதப்பட்டிருக்கின்றன.