எட்டோடு நின்ற நினைவு

உப்பளத்தில் இருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன். கனி முழித்துக்கொள்வாள். சாப்பிட்டியளா என்று கேட்பாள், இல்லை என்றால் ஏசுவாள். அப்புறம் பவளத்தை எங்கே என்பாள். டவுனுக்குப் போயிருக்கா, வந்துருவா என்பேன். தினமும் இதே பேச்சுதான், ஒரு சொல் மாறாது.

சண்முகக்கனி என் மனைவி. காய்ச்சலில் செத்துப்போனவள். மூச்சு நிற்பதற்கு முன்னால் அவளைக் கணினியில் ஏற்றிக்கொண்டோம். இப்போது வீட்டுக்கு வீடு அப்படி ஒருவர் இருக்கிறார். உள்ளுறைவர் என்று சர்க்கார் பேர் வைத்திருக்கிறது. வசதியானவர்களுக்குப் புது எந்திரம். எங்களுக்குக் கிடைத்தது கீல் ஆடும் பழைய லேப்டாப், அதில் லினக்ஸ். எட்டு ஜிபியில் இரண்டு நினைவுத்தட்டு, கரண்ட் போனாலும் அழியாத ரகம். உயிரோடு இருந்த காலம் முதல் தட்டில். உள்ளே போன பிறகு சேர்ந்ததெல்லாம் இரண்டாவதில்.

பவளம் எங்கள் ஒரே மகள். உப்பள மோட்டார் கொட்டகையில் அவளுக்கு வேலை. பேச்சுத் துணைக்கு அம்மாவையும் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு நாள் ஈரக்கையில் ஒயர் பட்டுச் செத்துப்போனாள். பட்ட உடனே உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன். காரியம் முடிவதற்குள் லேப்டாப் இரண்டாவது தட்டைக் காட்டாமல் போய்விட்டது. கனி எல்லாவற்றையும் மறந்தாள். தான் செத்ததும் தெரியாது, காய்ச்சலில் படுத்திருப்பதாக நினைப்பு. கொட்டகையில் அடி வாங்கியிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருசம் முழுமைச் சோதனை என்று ஒன்று வந்தது. பொருத்திய நினைவு அத்தனையையும் எந்திரம் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொள்ளாவிட்டால் உள்ளே இருப்பவர் குறையர். குறையருக்குப் பேர் கிடையாது, வீடு கிடையாது. கழற்றிக்கொண்டுபோய் உப்பள மோட்டாரை ஓட்ட மாட்டிவிடுவார்கள். மகளைக் கொன்ற மோட்டாரில் கனியை மாட்டவா என்று பயந்து ரெஜினாவிடம் ஓடினேன். பழைய எந்திரத்துக்கு எங்கள் பக்கம் அவள்தான் வைத்தியம்.

ரெஜினா தட்டுகளைக் கழற்றவே இல்லை. நானே கழற்றினேன். பித்தளை நிறத்துப் பல்லை எல்லாம் ரப்பரால் தேய்த்தேன். இடம் மாற்றிப் பொருத்தினேன். துவங்கும்போது எந்திரத்தின் அடிப்படை நிரலான பயாஸ், இரண்டு தட்டையும் சேர்த்துப் பதினாறு என்று சரியாகக் காட்டியது. லினக்ஸ் எழும்பியதும் எட்டுதான். மறுபடி மறுபடி எட்டு. தட்டுக்கே கெட்ட நேரம் போல என்று நான் புலம்பவும் அவள் என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வைத்தாள்.

"அண்ணாச்சி, தட்டு நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ் எழும்புறப்ப படிக்கிற துவக்க வரியில, எட்டுக்கு மேல பாக்காதேன்னு எழுதி நிறுத்தி வச்சிருக்கேன். நான்தான் செஞ்சேன்."

"ஏம்மா?"

"கனி மதினிதான் கேட்டாக. நீங்க சுடுகாட்டுக்குப் போயிருந்தப்ப கூப்பிட்டு அழுதாக. உங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

அந்த வரியை எடுக்கச் சொன்னேன். எடுத்தா தாங்க மாட்டாக என்றாள். மோட்டாரை ஓட்டினா மட்டும் தாங்குவாளா என்று கேட்டேன். அவள் அந்த வரியை அழித்தாள்.

சோதனை அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். மரியாதையாக உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் பதினாறு வந்தது.  கனி முழித்தாள். சாப்பிட்டியளா என்று கேட்கவில்லை.

எண் மட்டும் போதாதாம். இரண்டாவது தட்டில் இருந்து எந்திரமே ஒரு கேள்வி எடுக்கும், அதற்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் முழு ஆள். அந்தப் பெண் திரையைப் பார்த்து, சாப்பாட்டுக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்பதுபோல வாசித்தாள்.

"மின்சாரம் தாக்கிய பிறகு உங்கள் மகள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார்?"

 தெரியாதுன்னு சொல்லிரு கனி என்று வாயெடுக்கப் போனேன். சொன்னால் குறையர். வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்குப் பேட்டரி தீருற வரைக்கும் இருந்தா," என்றாள் கனி. "அம்மா, மோட்டாரை அணைம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்குக் கை ஏது? கத்துனேன். ஒருத்தரும் வரல."

"சரியான பதில்," என்றாள் அந்தப் பெண். பச்சை விளக்கு எரிந்தது. முத்திரை வைத்த எந்திரத்தில் துவக்க வரியை இனி யாரும் தொட முடியாது, அணைத்து வைக்கவும் கூடாது, உள்ளுறைவரின் உரிமை அது என்று விளக்கிச் சொன்னாள். வாழ்த்தும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கனி, ரெஜினாவைக் கூட்டிட்டு வாங்க என்றாள். முத்திரை விசயத்தை மறுபடி சொன்னேன். எவ்வளவு காலத்துக்கு என்றாள். எந்திரம் இருக்கும் காலத்துக்கு என்றேன்.

"அப்ப மூடியையாவது மூடுங்க. உங்க மூஞ்சியைப் பாக்க முடியல."

மூடினேன். மேலே கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. உள்ளே விசிறி வேகம் எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது.