குளிரறையின் காய்ந்த வாசல்

காலை ஏழரை மணி. மருந்துக் கிடங்கின் குளிரறைக் கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்து கிடந்தது. வேலைக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும். மருந்து நெடுநேரம் சூட்டில் இருந்தால் அந்தப் பொட்டு கறுத்துவிடும். வாசலோரப் பெட்டி முதல் கடைசிச் சுவரோரப் பெட்டி வரை எல்லாப் பொட்டுகளும் கறுத்திருந்தன. மருத்துவமனைகளுக்குப் போகவேண்டிய ஊசி மருந்து மொத்தமும் வீண்.

புதிய கணினி அமைப்பு முழுதாக வேலைக்கு வரும் முதல் நாள் அது.

அந்த அமைப்பை வடித்துக் கொடுத்தவள் அவள். பிசினஸ் அனலிஸ்ட். இதுவரை வேலை எப்படி நடந்தது, இனி எப்படி நடக்க வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டு எழுதுவது அவள் தொழில். கிடங்கில் அவளுக்குக் 'கேள்வியம்மா' என்று பெயர். திட்டத்தை நடத்தும் புராஜெக்ட் மேனேஜர் அவள் கணவர். எதைச் சொன்னாலும் தேதியில் கொண்டுபோய் முடிப்பதால் அவர் 'தேதி சார்'. இவரு தேதி சொல்வாரு, அவங்க கேள்வி கேப்பாங்க, வீட்டுல சோறு யார் ஆக்குறது என்று ஆட்கள் சிரிப்பார்கள். அவள் காதுபடவே சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அன்று அவர் அவளுக்கு முன்பே கிளம்பியிருந்தார். அரைத்தூக்கத்தில் அவள் பார்த்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் ஷூவோடு, அவர் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் படபடப்பு என்று எண்ணித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கூட்ட அறையில் நிறுவனத்தின் டைரக்டர் அம்மா கேட்ட முதல் கேள்விக்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. கதவைக் கடைசியாகத் திறந்தது யார்? குளிரறைக் கதவு கார்டு காட்டினால்தான் திறக்கும். அந்தப் பகுதி மட்டும் ஒரு மாதம் முன்பே நடைமுறைக்கு வந்திருந்தது. குளிரறைக்கு ஒரே கார்டு, ஒரே ஆள், ஒரே பொறுப்பு என்று எழுதியவள் அவள். பதிவானதை எவரும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று எழுதியவளும் அவள்தான். அந்த வரியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பதிவைத் திரையில் போட்டாள். விடியற்காலையில் கதவு திறந்திருக்கிறது. பக்கத்தில் கிடங்கு மேற்பார்வையாளரின் பெயர்.

பூட்டுக் காலத்தில் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டியிருந்ததால் அவரை எல்லோரும் சாவிக்காரர் என்பார்கள். கொத்து போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"விடிகாலையில வந்தீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா."

"உங்க கார்டு வந்திருக்கே."

அவர் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"வேற யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"என் கார்டு, என் பொறுப்பு. அன்னிக்கே சொன்னேன்ல."

இந்தக் கார்டு மெஷின் வேண்டாம் என்று முதல் கூட்டத்தில் சொன்னவர் இவர்தானே என்று டைரக்டர் அம்மா நினைவுபடுத்தினார். தொடக்க நாளைக் கெடுக்க இதைவிட நல்ல வழி ஏது என்றும் சொன்னார். தேதி சார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரர் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். மதியத்துக்குள் அறிக்கை வேண்டும், போலீசிடம் கொடுக்க வேண்டும் என்று டைரக்டர் அம்மா அவளிடம் சொன்னார்.

அவள் எழுத உட்கார்ந்தாள். மடித்த சட்டை எதிரிலேயே இருந்தது. அதன் விளிம்புகள் அவ்வளவு நேராக இருந்தன. தப்புச் செய்தவன் சட்டையை இப்படி மடிப்பானா என்ற எண்ணம் வந்தது. இதெல்லாம் ஒரு சாட்சியா என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் எழுத்து ஓடவில்லை. எழுந்து குளிரறைக்குப் போனாள்.

மாதக்கணக்கில் இந்த அறையைப் பற்றி எழுதியிருக்கிறாள். உள்ளே வந்தது ஒரே ஒரு முறை. கேள்வியெல்லாம் கூட்ட அறையில்தான் கேட்டாள். அங்கே நாற்காலி இருந்தது.

வாசலில் குனிந்து தரையைத் தொட்டாள். காய்ந்திருந்தது. வாசலோர அட்டைப் பெட்டிகளும் மொறுமொறுவென்று இருந்தன. குளிர்ந்த அறையின் கதவு திறந்து கிடந்தால் வெளிக்காற்றின் ஈரம் முதலில் அங்கேதான் வியர்க்கும். உள்ளே நடந்தாள். கடைசிச் சுவரோரம், குளிரூட்டும் எந்திரத்துக்குக் கீழே, செருப்புக்கடியில் நீர் சளப்பென்றது. அங்கிருந்த அட்டைகள் ஊறிக் குழைந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். முதல் முறை வந்தபோது எந்திரத்தின் தகடுகளில் பஞ்சு வைத்ததுபோல் உறைபனி அப்பியிருந்தது. இப்போது தகடுகள் பளிச்சென்று இருந்தன. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

வெளியே கையுறை அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் எதுவும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே சுவர்ச் சாயம் பிறைநிலாபோல் தேய்ந்திருந்தது. ஏதோ ஒன்று கயிற்றில் தொங்கி, எடுக்கும்போதும் மாட்டும்போதும் ஆடி ஆடித் தேய்த்த தடம். அவள் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த தன் கார்டை எடுக்கப் பார்த்தாள். தடித்த விரல்கள் பைக்குள்ளேயே நுழையவில்லை.

சாவிக்காரர் எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருந்துகள் நின்று போயின. அவர் ஏறவில்லை.

"கார்டு ஆணியிலதான் தொங்கும், இல்லையா?" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ராத்திரியும் அங்கேதாம்மா தொங்கும். யார் கை சும்மா இருக்கோ அவங்க எடுத்துக் காட்டுவாங்க. கையுறையோட பெட்டியத் தூக்கிக்கிட்டு வேற எப்படி?"

"காலையில ஏன் சொல்லல?"

"சொன்னா குளிரறை ஆளுங்க பன்னெண்டு பேரும் விதிய மீறினவங்க ஆவாங்க. எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"நான் முதல்ல கேட்டப்பவாவது..."

"டைரக்டர் அம்மாவ பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, கார்ட யாரு வெச்சிருப்பீங்கன்னு கேட்டீங்க. நான்தான்னு சொன்னேன். வேற என்னம்மா சொல்லுவேன்?"

கொஞ்சம் உள்ளே வாங்க என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு அதே அறை. அதே நாற்காலிகள். அறிக்கை எங்கே என்று டைரக்டர் அம்மா கேட்டார். எழுதவில்லை என்றாள்.

கதவு திறந்ததால் மருந்து கெடவில்லை என்று தொடங்கினாள். வாசல் காய்ந்திருக்கிறது, கடைசிச் சுவரோரம் குளமாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் எந்திரத்தின் மேலிருந்த உறைபனி உருகி வழிந்தது. கதவு மூடியிருக்கும்போதே எந்திரம் இரவெல்லாம் நின்றிருக்கிறது. அறை சூடாகி, பொட்டுகள் கறுத்து, எல்லாம் முடிந்த பிறகு யாரோ விடியற்காலையில் வந்து எந்திரத்தை ஓடவிட்டு, ஆணியில் தொங்கிய கார்டால் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அதற்குள் அறையும் வெளியும் ஒரே சூடு. அதனால்தான் வாசலில் ஈரமே இல்லை.

"எந்திரத்த யாரு நிறுத்தினது?" என்று டைரக்டர் அம்மா கேட்டார்.

"நிறுத்தினா எச்சரிக்கை வருதான்னு பாக்க, கணினியில ஒரு சோதனை வசதி வெச்சிருக்கோம். அதுக்குக் கடவுச்சொல் வேணும். அது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். நான் நிறுத்தல."

தேதி சார் பையைத் திறந்து சோதனைக்கென்று வாங்கிய போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"சோதனை பண்ண வேற அறை தயாராகல. தேதி நெருங்கிடுச்சு. நேத்து சாயந்திரம் நிறுத்தினேன், அப்பப் பாத்து ஒரு போன் வந்துச்சு. பேசிக்கிட்டே வீட்டுக்குக் கிளம்பிட்டேன். எச்சரிக்கை எல்லாம் இதுக்குத்தான் வந்துச்சு. சத்தத்த நிறுத்தி வெச்சிருந்தேன்." அவளைப் பார்க்காமல் சொன்னார்: "வீட்டுல ஆபீஸ் போன் அடிச்சா உனக்குப் பிடிக்காது."

"ஆணி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் வாரமே பாத்துட்டேன். சொன்னா நீ மறுபடி எல்லாத்தையும் மாத்தி எழுதுவ. தேதி தள்ளிப்போயிடும்."

யாரோ மூட மறந்ததாகத் தோன்றட்டும் என்று கதவைத் திறந்து வைத்தபோது யார் பேரையும் மனதில் நினைக்கவில்லை என்றார். திரையில் பெயர் வந்த பிறகு வாய் திறக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்து, கடைசிச் சொல் கேட்கவே இல்லை. டைரக்டர் அம்மா அவரை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னார். கதவருகே கணவர் ஒரு கணம் நின்றார். வீட்டுக்கு எப்படிப் போவாய் என்று கேட்பார்போலத் தோன்றியது. கேட்கவில்லை.

அறையில் அவளும் சாவிக்காரரும் மிஞ்சினார்கள். அவள் மடித்த சட்டையை எடுத்து நீட்டினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் சட்டையை வாங்கிக்கொண்டு திரையைக் காட்டினார். காலையில் போட்ட பதிவு இன்னும் அங்கேயே இருந்தது.

"அதுல என் பேர எடுத்துடுவீங்கல்லம்மா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு தணிக்கையிலும் யாராவது ஒருவர் இதே வரியைத் திறப்பார். மருந்து கெட்ட அன்று, விடியற்காலையில், கதவைத் திறந்தவர்.

"எடுக்க முடியாதுங்க."

"யாரு அப்படிப் பண்ணி வெச்சது?"

"நான்தான்."

அவர் சட்டையைப் பிரித்து மாட்டிக்கொண்டு கெட்ட பெட்டிகளை இறக்கக் குளிரறைப் பக்கம் நடந்தார். அவள் திரையை அணைத்தாள். பதிவு அணையவில்லை.