உபதேசியார் மனைவிக்கு நற்கருணை

"இன்னாடி இது, புதுப்பொடவ? நன்ம வாங்கப் போறியாக்கும்!"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, சாமியார் வராத நாளில் கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் வியாகுலம் ஆரம்பித்துவிட்டார்.

"நன்ம வாங்கி ஆறு வருசம் ஆச்சுங்க... இன்னிக்கி ஒரு நாளு மட்டும்..." மனைவி உபகாரமேரி கெஞ்சினாள்.

"மாதா சுரூபத்தக் கீழ போட்டு ஒடச்சவ நீ! நற்கருண வாங்க ஒனக்கு இன்னா யோக்கியத இருக்குது? கடசியில நில்லு, போதும்!"

மாதா என்றைக்கோ மன்னித்திருப்பாள். உபதேசியார்தான் மன்னிக்கவில்லை. உண்மையில் அந்தச் சிலையைக் கீழே போட்டது அவருடைய தம்பி லாரன்ஸ். அப்போது அவனுக்குப் பதினாலு வயசு. அண்ணன் வீட்டை விட்டே துரத்திவிடுவார் என்று பயந்து, உபகாரமேரி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாதென்று அவனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். இப்போது மூங்கில்துறைப்பட்டில் வேலை பார்க்கும் லாரன்ஸ், பஸ் ஓடாததால் ஊரிலேயே இருந்தான்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வடக்கனந்தல் ரோடெங்கும் வெட்டிப் போட்ட மரங்கள். பங்குச் சாமியார் அத்தனையையும் தாண்டி நடந்தே வந்து, சேறு அப்பிய காலோடு பூசை வைத்தார்.

நற்கருணை அப்பம் கொடுப்பதற்கு முன்பு, "ஆண்டவரே, நான் தகுதியற்றவன்" என்று எல்லாரும் சொன்னார்கள். வழக்கம்போல உபதேசியார் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

சாமியார் கடைசி வரிசையைப் பார்த்தார். "உபகாரமேரி, நீ வரலியாம்மா?"

"எனக்குத் தகுதி இல்லீங்களாம், சாமி..."

"இப்பதான எல்லாருமே அதச் சொன்னீங்க! சரி, தகுதி இருக்கிறவங்க கை தூக்குங்க."

எதற்கும் முதலில் கை தூக்கிப் பழகியவர் வியாகுலம். கை பாதி தூரம் போய்விட்டது! சட்டென்று திரும்பி வந்து மீசையைத் தடவியது. கோயிலே சிரித்தது.

லாரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே... சுரூபத்த ஒடச்சது நான்! அண்ணி எனக்காவப் பொய் சொன்னாங்க. ஆறு வருசமா நான் நன்ம வாங்கிக்கினு இருக்கேன், அவங்க அங்க நின்னுக்கினு இருக்காங்க!" என்று தேம்பினான்.

வியாகுலம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை ஏச்சு, எத்தனை பேச்சு... ஒன்றுக்காவது அவள் பதில் சொன்னாளா? வரிசையை விட்டு விலகிக் கடைசிக்கு நடந்தார்.

"மேரி... நீ மின்னாடி போ. நான் இங்க நிக்கிறேன். எனக்குத்தான் தகுதி இல்ல."

"அந்த வார்த்தைய இன்னிக்கிதான்யா மனசாரச் சொன்னீரு," என்றார் சாமியார். "ரெண்டு பேரும் சேந்து வாங்க. நடந்து வந்த காலு வலிக்குது எனக்கு!"

உபகாரமேரி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"இன்னாங்க இது, சின்னப் புள்ளயாட்டம்... வாங்க!"

ஊரே பார்க்க, உபதேசியாரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனாள்.